புளிப்பு மண்ணில் ஒரு டீச்செடி

கத்தரி, வெண்டை, தக்காளி என்று மாடியில் வைத்துப் பழகியவர்களுக்கு ஒரு கட்டத்தில் கை அரிக்கும். வேறு ஏதாவது வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். டிராகன் பழம், அத்தி என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தேயிலை என்றால் மட்டும், "அது மலையில்தானே வரும்?" என்பார்கள்.

அப்படி ஒன்றும் இல்லை. இலங்கையில் இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கம் 600 மீட்டர் உயரத்துக்குக் கீழேயே ஏராளமாகத் தேயிலை விளைகிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் பாதிக்கு மேல் இந்தத் தாழ்நிலத் தேயிலைதான். அசாமில் பிரம்மபுத்திரா ஓரத்துத் தோட்டங்கள் பெரும்பாலும் சமவெளியில் இருக்கின்றன. கோடையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். குளிரில் மெதுவாக வளரும் கொழுந்துக்கு மணம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் உயரம் சுவைக்குத்தான், உயிருக்கு அல்ல. சமவெளி வீட்டில் டீச்செடியைக் கொல்வது பெரும்பாலும் போர் தண்ணீர்.

காரணம் மண்ணின் பி.எச்., அதாவது புளிப்பையும் காரத்தையும் அளக்கும் எண்; 7-க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு. தேயிலைக்கு அது 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. கத்தரிக்கும் தக்காளிக்கும் 6 முதல் 7. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது. 7-லிருந்து 5-க்கு வந்தால் நூறு மடங்கு.

இந்தப் புளிப்பு எதற்கு? முதலாவது, இரும்புக்கு. மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை; செம்மண்ணின் சிவப்பே இரும்பின் ஆக்சைடுதான். ஆனால் வேர் உறிஞ்ச வேண்டுமென்றால் அது கரைய வேண்டும். பி.எச். ஒரு படி ஏறினால், கரைந்திருக்கும் ஃபெரிக் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கத்தரி போன்ற செடிகள் வேரிலிருந்தே கொஞ்சம் அமிலம் சுரந்து சமாளித்துக்கொள்ளும். புளிப்பு மண்ணிலேயே வாழ்ந்து பழகிய தேயிலைக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. பச்சையம் தயாரிக்க இரும்பு தேவை என்பதால், இரும்பு கிடைக்காத செடி வெளுக்கத் தொடங்கும்.

அது வெளுக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். பழைய இலையிலுள்ள இரும்பு புது இலைக்கு எளிதில் நகராது. அதனால் முதலில் மாறுவது கொழுந்துதான்: நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நிற்கும், நடுவிலுள்ள இடமெல்லாம் எலுமிச்சை நிறம் அடிக்கும். தழைச்சத்துக் குறைவென்றால் நேர்மாறாக அடி இலைதான் முதலில் பழுக்கும். நுனி வெளுத்த செடிக்கு யூரியா போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு பலனும் இல்லை.

போர் தண்ணீர் இங்கேதான் வில்லனாகிறது. கொதிக்கவைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தப் படிவுக்குக் காரணமான பைகார்பனேட், மண்ணிலுள்ள அமிலத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். நர்சரியிலிருந்து வந்த மண் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சில மாதத்தில் தொட்டி காரமாகிவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது. இல்லையென்றால் ஆர்.ஓ. குடிநீர். அதன் கழிவுக் குழாயில் வருவது வேண்டாம், அதில் உப்பு இன்னும் அதிகம்.

இரண்டாவது சங்கதி அலுமினியம், இது விநோதமானது. மண் நன்றாகப் புளித்தால் களிமண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வெளியே வரும். பெரும்பாலான காய்கறிகளுக்கு அது விஷம். வேர் நுனி தடித்து வளர்ச்சி நின்றுவிடும். தேயிலையோ அதை உறிஞ்சி இலைகளில் சேர்த்து வைக்கிறது. கொஞ்சம் அலுமினியம் இருந்தால் அதன் வேர் நன்றாகவே ஓடுகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். முற்றிய இலையில் இருக்கும் அலுமினியம் கொழுந்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். கொழுந்தை மட்டும் கிள்ளிக் குடிக்கிற நமக்கு அது வசதி.

ஆகவே கத்தரியும் தேயிலையும் ஒரே தொட்டியில் வாழாது. காய்கறிச் செடிக்கு நாம் ஆசையாகப் போடும் அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு, எலும்புத்தூள் எதுவும் டீச்செடிப் பக்கம் போகக்கூடாது. செம்மண்ணோடு இலைமக்கும் உப்பு நீக்கிய தேங்காய் நார்க்கழிவும் சேர்த்துக்கொள்ளலாம். பி.எச். இன்னும் இறங்க வேண்டுமென்றால் கொஞ்சம் கந்தகத்தூள். மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும்; அவசரப்பட்டு மறுபடி போட்டால் வேர் வெந்துவிடும். உரமென்றால் அம்மோனியம் சல்பேட். வேர் அம்மோனியத்தை எடுத்துக்கொள்ளும்போது பதிலுக்கு ஹைட்ரஜன் அயனியை வெளியே விடுகிறது, மண் தானாகவே புளிக்கும். குடித்து மிஞ்சிய டீத்தூளைக் கொட்டினால் மண் புளிக்கும் என்பார்கள். பெரிதாக ஒன்றும் புளிக்காது. பால், சர்க்கரையோடு கொட்டினால் எறும்புதான் வரும்.

செடிக்கு விதையைவிட கட்டிங் நாற்று மேல். தேயிலை அயல் மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பது, அதனால் விதைக்கு விதை குணம் மாறும். ஒற்றை இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டை நட்டு வேர்பிடிக்க வைப்பதுதான் தோட்டங்களின் வழக்கம். விதைதான் கிடைத்தது என்றால் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மூழ்குவதை மட்டும் நட வேண்டும். காய்ந்த விதை முளைக்காது. சமவெளியில் பகல் 11 மணிக்கு மேல் நிழல் விழும் இடமாகப் பார்த்து வைக்கலாம். காற்று வறண்டால் சிவப்புச் சிலந்திப் பேன் வரும், இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீர் பீய்ச்சினால் குறையும்.

காய்கறிச் செடி பூத்தால் மகிழ்கிறோம். தேயிலை பூத்தால் தோட்டக்காரர் முகம் சுளிப்பார், கொழுந்துக்குப் போக வேண்டிய சத்து வீணாகிறதே என்று. சும்மா விட்டால் இது இடுப்பளவுச் செடியாக நிற்காது, மரமாகிவிடும். அதைச் செடியாக வைத்திருப்பது கவாத்து, அதாவது கிளைகளை அவ்வப்போது வெட்டிவிடுவது. கிளை நுனியில் உற்பத்தியாகும் ஆக்சின் என்னும் ஹார்மோன் கீழே இறங்கி, பக்க மொட்டுகளைத் தூங்க வைக்கிறது. நுனியை வெட்டினால் அந்தத் தடை போய், கீழே இருக்கும் மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஒன்று இருந்த இடத்தில் இரண்டு, மூன்று கிளை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிற ஒவ்வொரு தடவையும் இதுதான் நடக்கிறது. நட்டு இரண்டு வருடமாவது கவாத்து மட்டும் செய்து செடியை அகலப்படுத்திவிட்டு அப்புறம் பறிக்கலாம்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? சுமார் நான்கரை கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. 100 கிராம் கிள்ளினால் 22 கிராம். கோப்பைக்கு 2 கிராம் என்றால் 11 கோப்பை. மளிகைச் செலவைக் குறைக்கிற வேலை இல்லை இது. இதன் சுவாரசியமெல்லாம் கிள்ளிய பிறகுதான்.

கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கும், அதனால் தண்ணீரில் போடுகிறோம். கறுக்க வைப்பது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி. முழுக் காயில் அதுவும் பாலிஃபீனால்களும் செல்லுக்குள்ளேயே தனித்தனி அறையில் இருக்கின்றன. கத்தி பட்டால் சுவர் உடைந்து இரண்டும் கலக்கும், காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து நிறம் மாறும். அதே நொதி, அதே வேலைதான் தேயிலையிலும். கத்தரியில் நாம் தடுப்பதை இங்கே வேண்டுமென்றே செய்கிறோம், அவ்வளவுதான். இலையிலுள்ள நிறமற்ற, துவர்ப்பான கேட்டசின் என்னும் பாலிஃபீனால்கள் ஒன்றோடொன்று இணைந்து, பொன்னிறத் தியாஃபிளேவினாகவும் செம்பழுப்புத் தியாருபிஜினாகவும் மாறுகின்றன. தேயிலைத் தொழிலில் இதை நொதித்தல் என்கிறார்கள். தோசை மாவு போல நுண்ணுயிர் எதுவும் இதில் வேலை செய்வதில்லை.

கிரீன் டீயும் கறுப்புத் தேயிலையும் வேறு வேறு செடி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செடி ஒன்றுதான். கிள்ளிய கையோடு இட்லிப் பானையில் ஒரு நிமிடம் ஆவி காட்டினால் நொதி செத்துவிடும், இலை பச்சையாகவே நிற்கும். அதைச் சுருட்டி உலர்த்தினால் கிரீன் டீ.

கறுப்புக்கு நேரம் வேண்டும். கொழுந்தை முறத்தில் மெல்லிசாகப் பரப்பி, இரவு முழுக்க நிழலில் வாட விட வேண்டும். காம்பை மடக்கினால் ஒடியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம். பிறகு இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து, சாறு கசிந்து கை பிசுபிசுக்கும்வரை அழுத்தி உருட்ட வேண்டும். செல் உடைவது இங்கேதான். ஈரத்துணி மூடி இரண்டு மணி நேரம் வைத்தால் புல்வாடை போய்ப் பழவாடை வரும், நிறம் செம்பாகும். மணம் உச்சத்தில் இருக்கும்போதே சூடு காட்டி நிறுத்திவிட வேண்டும். விட்டால் நிறம் மட்டும் கூடி, சுவை சப்பென்று ஆகிவிடும். ஓவனில் 100 டிகிரி, அல்லது கனமான வாணலியில் சிறு தீ. இலை விரலில் நொறுங்கும்வரை.

கைவேலை என்று இதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1867-இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர், கண்டிப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் இலங்கையின் வணிகத் தேயிலையைத் தொடங்கியபோது, அவருடைய ஆலை பங்களா வராந்தாதான். மேசைமேல் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி மூட்டிக் கம்பித் தட்டுகளில் உலர்த்தினார்கள்.

வீட்டில் செய்த டீ கடை டீ மாதிரி இல்லையே என்று ஏமாற வேண்டாம். கடைத்தூள் பெரும்பாலும் சி.டி.சி. முறையில், பல் வைத்த உருளைகளுக்கு நடுவே நசுங்கிக் குருணையாக வந்தது. குருணைக்குப் பரப்பு அதிகம், சாயம் உடனே இறங்கும், பாலுக்கு ஈடு கொடுக்கும். கையால் உருட்டிய முழு இலை மெதுவாகத்தான் இறங்கும். பாலிலுள்ள கேசீன் புரதம் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொள்வதால், இருக்கும் மெல்லிய சுவையும் அடங்கிவிடும். மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டு, பால் ஊற்றாமல் குடியுங்கள். அதே இலையில் இன்னொரு தடவையும் வெந்நீர் ஊற்றலாம்.