ரஸ்தா: சாலையா, தடமா, பெருவழியா?

தங்கை மகள் லீவுக்கு வந்திருக்கிறாள். பரணிலிருந்து இறக்கிய பழைய கிராமத்துக் கதைப் புத்தகம் ஒன்று அவள் கையில். மழை பொய்த்து, கிணறு வற்றி, ஒரு குடும்பம் சட்டி பானையை வண்டியில் ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுப் போகிற கதை. நாலு பக்கம் போனதும் தலையை நிமிர்த்தினாள்.

"மாமா, ரஸ்தான்னா என்னது? ரஸ்தாளிப் பழமா?"

"ரோடுதாம்மா."

"அப்போ அதே பக்கத்துல ஒரு இடத்துல தடம்னு இருக்கு, ஒரு இடத்துல பாட்டைன்னு இருக்கு. எல்லாம் ரோடுன்னா எதுக்கு மூணு பேரு?"

கேள்வி நியாயமானதுதான். 'சாலை, வழி' என்று இரண்டு சொல்லில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கதையில் வண்டி தடத்தில் தொடங்குகிறது, பாட்டையில் ஏறுகிறது, விடியும்போது ரஸ்தாவுக்கு வந்து சேர்கிறது. எழுதியவர் மூன்று சொல்லையும் தெரிந்துதான் போட்டிருக்கிறார்.

ரஸ்தா பாரசீகச் சொல். 'ராஸ்த்' என்றால் நேரானது, சரியானது. அதிலிருந்து வந்த 'ராஸ்தா'வுக்கு வரிசை, நேராகப் போகும் வழி என்று பொருள். உருது, இந்தி, மராத்தி எல்லாவற்றிலும் இது புழங்குகிறது. கன்னடத்தில் 'ரஸ்தெ' என்று இன்றைக்கும் தெருப்பலகைகளில் இருக்கிறது. ஆங்கிலத்து 'ரைட்'டும் இதே வேரில் கிளைத்ததுதான். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் "ரைட், ரைட்" என்று குரல் கொடுக்கும்போது, ரஸ்தாவின் தூரத்துச் சொந்தக்காரன் பெயரைத்தான் சொல்கிறார். நேரானது எதுவோ அதுவே சரியானது என்ற எண்ணம் நமக்கும் புதிதல்ல. 'நெறி' என்ற சொல்லுக்கும் நடக்கிற வழி, நடந்துகொள்கிற முறை என்று இரண்டு பொருளும் உண்டு.

திருநெல்வேலிச் சீமைக்கு இந்தச் சொல் கச்சேரி வழியாக வந்தது. இங்கே கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, சர்க்கார் கச்சேரி. 18ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் பெயரில் இங்கே வரி தண்டினார்கள். 1801இல் நவாபோடு போட்ட கர்நாடக ஒப்பந்தத்தோடு நிர்வாகம் முழுக்கக் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, கைக்குப் போனது. ஆள் மாறினாலும் கணக்கு எழுதுகிற மொழியின் வாசனை மாறவில்லை. ஜில்லா, தாலுகா, தாசில்தார், ஜமாபந்தி, கிஸ்தி, வசூல், பாக்கி எல்லாம் பாரசீகக் கச்சேரி மொழி வழியாக நம் வாய்க்கு வந்தவை. ரஸ்தாவும் அந்தக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தது. அதனால்தான் ரஸ்தா என்றதும் ஊர்க்காரனுக்கு மண்ணைக் கொட்டி, கப்பி போட்டு, இரண்டு பக்கமும் ஓடை வெட்டி, சர்க்கார் போட்ட வழி என்று மனதில் படும். கால் பட்டுப் பட்டு உண்டான வழியை யாரும் ரஸ்தா என்று சொன்னதில்லை.

கப்பி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மாவு சலிக்கும்போது சல்லடையில் மிஞ்சுமே, அந்தக் குருணைதான் கப்பி. உடைத்த சரளைக் கல்லுக்கும் அதே பெயரை வைத்துக் 'கப்பி ரோடு' என்றார்கள் நம் ஆட்கள். அடுக்களைச் சொல்லை எடுத்து ரோட்டில் போட்டவன் யாரோ, நல்ல ரசிகன்.

இலக்கணப்படி பார்த்தால் ரஸ்தா தமிழில் நுழையவே முடியாது. ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. தொல்காப்பியம் வகுத்த விதி அது. ஸ் கிரந்தம். இரண்டையும் சரிபண்ணி 'இரசுத்தா' என்று எழுதிப் பாருங்கள், பாரசீகக்காரனுக்கும் புரியாது, பாளையங்கோட்டைக்காரனுக்கும் புரியாது.

சரி, தடம்? அது பதிந்தது. கால் தடம், மாட்டுத் தடம், வண்டித் தடம். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் வண்டித் தடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சக்கரம் போன இரண்டு பள்ளம், நடுவில் மாட்டுக் குளம்பு மிதித்தும் சாகாத புல். மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தில் அப்பி வண்டியை நகர விடாது, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கோடையில் அதே பள்ளம் கல்லாக இறுகிவிடும். அப்புறம் சக்கரம் அதைவிட்டு வெளியே வராது, வண்டிக்காரன் தூங்கினாலும் மாடு வீடு போய்ச் சேரும். தெற்கே திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரியில் கதை நேர் எதிர். செம்மணல் காற்றுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். நேற்று நடந்த தடம் இன்றைக்கு இருக்காது. பனைமரத்தை அடையாளம் வைத்துத்தான் நடக்க வேண்டும். ஒரே சீமைதான், ஓரிடத்தில் தடம் ஆளை விடாது, இன்னோரிடத்தில் ஆளுக்குத் தடமே கிடைக்காது.

பாட்டை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தடத்தைவிட அகலம், ஊருக்கும் ஊருக்கும் பொது. தெலுங்கிலும் இதே சொல் வழி என்ற பொருளில் இருக்கிறது. கரிசலில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய என்பதால், இந்தச் சொல் அங்கே இரண்டு வீட்டிலும் உரிமையோடு நடமாடுகிறது. ராஜபாட்டை என்று பெருமையாகவும் சொல்வோம், "பாட்டையில போறவன்" என்று இளக்காரமாகவும் சொல்வோம்.

இப்போது சாலைக்கு வருவோம். ரஸ்தாவுக்கு நேரான தமிழ்ச்சொல் என்று எல்லோரும் நீட்டுவது இதைத்தான். ஆனால் சாலை முதலில் கூடத்தைக் குறித்தது. அறச்சாலை, பாடசாலை, தொழிற்சாலை, சிறைச்சாலை எதிலும் ரோடு இல்லை. வழிநெடுக இருந்த அறச்சாலைகளால் வழிக்கே அந்தப் பெயர் ஏறியது என்பது ஒரு விளக்கம். வடமொழி 'சாலா'வோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு, தமிழ்தான் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சண்டையைவிட முக்கியமாகப் படுவது வேறு. வழியைக் குறித்தபோது சாலை என்பது இரண்டு பக்கமும் மரம் நிற்கிற வழியைக் குறித்தது. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட மங்கம்மாள் பெயரில் தென்மாவட்டங்களில் இன்றும் 'மங்கம்மா சாலை' என்று சொல்லப்படும் வழிகள் இருக்கின்றன. அந்தப் பெயரோடு சேர்ந்து நினைவில் நிற்பது மரமும் சத்திரமும். எங்கள் ஆச்சி புளியமர நிழல் இருக்கிற ரோட்டை மட்டும்தான் சாலை என்பாள். மற்றதெல்லாம் அவளுக்கு ரோடு. நான்கு வழிச் சாலை என்ற பெயரை அவள் கேட்டிருந்தால், "மரம் எங்கலே?" என்றுதான் முதலில் கேட்டிருப்பாள்.

ஆகவே ரஸ்தாவைச் சாலை என்று மாற்றினால் இல்லாத நிழலைக் கதைக்குள் நட்டுவிடுகிறோம். பழைய புத்தகங்களை மறுபதிப்புப் போடுகிறவர்கள் சிலர் இந்த மாற்றத்தைச் சத்தமில்லாமல் செய்கிறார்கள். தாது வருஷப் பஞ்சத்தை (1876–78) நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை ராஜதானியில் அப்போது நிவாரண வேலை என்று கொடுத்ததில் கல் உடைப்பதும் ரோடு போடுவதும் பெரும்பங்கு. அரைவயிற்றுக் கூலிக்கு உடைத்த கல் அது. அப்படி ஒரு காலத்தைப் பேசுகிற கதையில் ரஸ்தா என்று வந்தால், நடக்கிறவனின் காலடியில் இருப்பது அவனைப் போன்ற இன்னொருத்தன் உடைத்த கப்பி. சாலை என்று திருத்தினால் அந்த உறுத்தல் போய்விடுகிறது.

அப்படியானால் சரியான தமிழ் என்ன? என் ஓட்டு 'பெருவழி'க்கு. புதிதாகக் கட்டிய சொல் இல்லை, சங்க காலத்துச் சொல். மிளகு மூட்டை சுமந்த கழுதைகளோடு வணிகக் கூட்டம் போகிற இடத்தை பெரும்பாணாற்றுப்படை 'உல்குடைப் பெருவழி' என்கிறது. உல்கு என்றால் சுங்கம். அரசு ஆள் வைத்து, காவல் போட்டு, வரி வாங்கிய வழி. இன்றைய டோல்கேட் சண்டையெல்லாம் அந்த ஒரு தொடருக்குள் அடக்கம். தர்மபுரிப் பக்கம் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு மைல்கல்லும் 'அதியமான் பெருவழி' என்றே சொல்கிறது. நாவற்தாவளத்துக்குக் காதம் 29 என்று அதில் வெட்டியிருக்கிறது. அரசு போட்டது, அளந்து கல் நட்டது, காசு வாங்கியது என்று ரஸ்தாவின் குணம் எல்லாம் பெருவழிக்கும் பொருந்துகிறது.

இதைவிடப் பழைய சொல்லும் ஒன்று இருக்கிறது: ஆறு. தண்ணீர் போனாலும் ஆறு, மனிதன் போனாலும் ஆறு. வழிப்போக்கரை அடித்துப் பறிக்கிறவர்களுக்கு 'ஆறலை கள்வர்' என்று பெயர். ஆற்றுப்படை என்றால் வழிப்படுத்துவது. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து பாட்டு, ஆற்றுப்படை. கஷ்டப்பட்டு வழிநடந்தவனின் கதையை எழுதுவது இந்த மொழிக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டு அடுக்களை வருகிறது. ஈன்ற நாயின் மடியில் பால் இல்லை, கண் திறக்காத குட்டி முட்டுகிறது, நாய் வலி பொறுக்காமல் குரைக்கிறது. குப்பையில் பறித்த கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்தால் வெட்கம் என்று கதவை அடைத்துக்கொண்டு தின்கிறார்கள். அங்கிருந்துதான் அவன் வழிநடக்கத் தொடங்குகிறான். ஆனால் இன்றைக்கு "ஆத்துல போனேன்" என்றால் தாமிரபரணியில் குளிக்கப் போனதாகத்தான் அர்த்தம், அதனால் அந்தச் சொல்லை மீட்க முடியாது.

சொல் ஆராய்ச்சிக்கும் நடைக்கும் உறவு உண்டு என்பதற்கு இந்தச் சீமையிலேயே ஒரு ஆள் இருந்தார். 1838இல் சென்னையில் வந்து இறங்கிய கால்டுவெல் பாதிரியார், 1841இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். வழியின் பெரும்பகுதியை நடந்தே கடந்தார். அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளியானது 1856இல். வழிநெடுகச் சனங்களோடு பேசிக்கொண்டு வந்த மனிதரின் காதுக்கு அந்தப் புத்தகத்தில் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம்.

ஒன்று சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. ரஸ்தாவை விரட்டியது சாலையும் இல்லை, பெருவழியும் இல்லை. 'ரோடு' வந்து அதை ஓரம் கட்டியது. நாம் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு அந்நியச் சொல்லை இன்னொரு அந்நியச் சொல் துரத்திவிட்டது. எழுத்தில் மட்டும் நெடுஞ்சாலை நிற்கிறது. அதில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் இல்லை. பழைய கதையில் ரஸ்தா என்றிருந்தால் அப்படியே விட்டுவிட்டு அடியில் ஒரு வரி குறிப்பு போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. புதிதாக எழுதுகிறவர்கள் காட்டுக்குள் போகிறதைத் தடம் என்றும், சர்க்கார் போட்டதைப் பெருவழி என்றும் எழுதிப் பார்க்கலாம்.

வாயில் நின்று பிழைத்த நல்ல தமிழ்ச்சொல் ஒன்றும் இருக்கிறது, யாரும் அகராதி பார்த்துக் கண்டுபிடித்தது இல்லை. பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குள் பிரிகிற இடத்தை நம் பக்கம் 'விலக்கு' என்பார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லி விலக்கு என்றால் போதும், ஒரு வேப்பமரம், ஒரு டீக்கடை, மஞ்சள் பலகை என்று கண்முன் வந்துவிடும். வழி இரண்டாகப் பிரிகிற இடத்துக்குச் சங்கப்பாட்டில் 'கவலை' என்று பெயர். மேலே சொன்ன உல்குடைப் பெருவழியை அடுத்து வருகிற சொல்லே அதுதான். எந்தப் பக்கம் போவது என்று அங்கே நின்று யோசித்தார்களே, மனக்கவலையும் அங்கேயிருந்துதான் வந்ததோ என்று எனக்கு ஒரு நப்பாசை. ஆதாரம் கேட்காதீர்கள்.

தங்கை மகள் லீவு முடிந்து கிளம்பும்போது புத்தகத்தையும் கேட்டாள். அட்டை கிழிந்திருந்தது, நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, கண்டக்டரிடம் சில்லறையை நீட்டினாள்.

"அண்ணே, எங்க ஊர் விலக்குல இறக்கி விட்டிருங்க."

"இறக்கிருவோம், உக்காரு தாயி" என்றவர், படியில் நின்றபடி தகரத்தில் ஒரு தட்டு தட்டினார். "ரைட்!"