கேரவன் குளியலறைக்குள் கேஸ் கீசர் வேண்டாம்

கேரவனுக்கு வெந்நீர் வசதி செய்து தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது குளியலறையின் நீள அகலத்தைத்தான். பெரும்பாலும் மூன்றடிக்கு நாலடி, உயரம் ஆறரை அடி என்பார்கள். காரின் பின்னால் இழுத்துப் போகிற ட்ரெய்லரில் அதற்கு மேல் இடம் ஒதுக்குவது கஷ்டம். பெருக்கிப் பார்த்தால் 78 கன அடி, அதாவது சுமார் 2,200 லிட்டர் காற்று. வருகிறவர்களில் பலர் வீட்டில் மாட்டுகிற 6 லிட்டர் (நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தருகிற) கேஸ் கீசரை அந்தக் குளியலறைச் சுவரிலேயே மாட்டித் தரச் சொல்வதால்தான் இந்தக் கணக்கு. "வீட்டுல வருசக்கணக்கா ஓடுதுங்கண்ணா, ஒண்ணும் ஆகலீங்களே" என்பார்கள்.

ஒரு கிலோ எல்பிஜி முழுதாக எரிய ஏறத்தாழ 12,000 லிட்டர் காற்று வேண்டும். 6 லிட்டர் கீசர் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 800, 900 கிராம் கேஸ் எரிக்கும். கால் மணி நேரக் குளியலுக்கு 200 கிராம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அதற்கே 2,400 லிட்டர் காற்று தேவை. அறையில் இருப்பதே 2,200 லிட்டர்தான், குளிக்கிறவர் சுவாசிப்பதும் அதையேதான். கதவிடுக்கில் கொஞ்சம் புதுக்காற்று வரும், உண்மைதான். ஆனால் கேரவன் கட்டும்போது மழையும் தூசியும் புகக்கூடாது என்று எல்லா இடுக்கையும் ரப்பர் பீடிங் வைத்து அடைக்கிறோம். கரூரில் பஸ் பாடி கட்டிப் பழகிய கைகள் செய்த வேலை என்றால் எறும்பு நுழையக்கூட வழி இருக்காது. வீட்டுக் குளியலறை இதைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரியது, வென்டிலேட்டர் இருக்கும். அங்கேயும்கூட உள்ளே மாட்டிய கேஸ் கீசரால் உயிர்கள் போயிருக்கின்றன. ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தித்தாளில் படிக்கிறோம்.

ஆக்சிஜன் குறையும்போது தீ உடனே அணைந்துவிட்டால் பிரச்சினை இல்லை. அது அணையாது. அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கத் தொடங்கும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. எல்பிஜியில் கசிவு தெரிய வேண்டும் என்று நாற்றமடிக்கும் பொருளைக் கலந்திருக்கிறார்கள். எரிந்த பிறகு அந்த நாற்றமும் போய்விடும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு கார்பன் மோனாக்சைடு போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் கால் துவண்டுவிடும். என்னமோ ஆகிறது என்று புரிகிற நேரத்தில் எட்டிக் கதவைத் திறக்கத் தெம்பு இருக்காது.

மலைக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். கோயம்புத்தூர் பட்டறையில் நீலமாக எரிந்த அதே பர்னர் அங்கே காற்றுப் பற்றாமல் திணறும். போதாக்குறைக்குக் குளிர் என்று ஜன்னலையும் சாத்தி வைப்போம். கேரவனை நாம் எடுத்துக்கொண்டு போவதே ஊட்டி, கோத்தகிரி, வால்பாறை, ஏற்காடு என்று மலைக்குத்தானே.

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றில் இதுதான் நடந்தது. திருப்பூர்க் குடும்பம். ஒருவர் பின் ஒருவராகக் குளித்திருக்கிறார்கள். மூன்றாவதாகப் போன கல்லூரிப் பெண்ணிடமிருந்து சத்தமே இல்லை. "கண்ணு, கதவத் தொற சாமி" என்று அம்மா தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பிளாஸ்டிக் மடிப்புக் கதவு என்பதால் பிய்த்துத் திறக்க முடிந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுத்து அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். கீசரைக் கழற்ற என்னை அழைத்தபோது போய்ப் பார்த்தேன். குளியலறைக்கு இருந்த ஒரே சின்ன ஜன்னலை, சாரல் அடிக்கிறதென்று டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். கீசர் நல்ல கம்பெனி, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது, எந்தக் கோளாறும் இல்லை. மாட்டிய இடம்தான் தவறு.

இப்படி யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு ஜன்னலையெல்லாம் திறந்து, கேஸை மூடி, அவரை வெளியே தூக்கி வந்துவிட வேண்டும். 108-க்குச் சொல்லும்போதே கேஸ் கீசர் எரிந்துகொண்டிருந்தது என்று சொல்லுங்கள், டாக்டரிடமும் அதையே சொல்லுங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரை இதில் நம்பக்கூடாது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ரத்தம் என்றே எண்ணிக்கொண்டு 98, 99 என்று காட்டும்.

அப்படியானால் கேஸே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. கரண்ட் இல்லாத இடத்தில் கேஸ்தான் வழி. 15 டிகிரியில் இருக்கிற 15 லிட்டர் தண்ணீரை 50 டிகிரிக்குக் கொண்டுவர 60, 70 கிராம் கேஸ் போதும். ட்ரெய்லருக்கென்றே தயாரிக்கிற வெளிநாட்டு ஹீட்டர்களைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு விஷயத்தில் எல்லாக் கம்பெனியும் உறுதியாக இருப்பது தெரியும். பர்னர் எரிய வேண்டிய காற்று வண்டிக்கு வெளியிலிருந்து வரும், புகையும் வெளியேதான் போகும். பர்னர் பெட்டிக்கும் நாம் படுக்கிற இடத்துக்கும் நடுவே ஓட்டை கிடையாது. பக்கவாட்டில் சல்லடை போட்ட கதவு ஒன்று தெரியுமே, அதற்குத்தான். நம் ஊரில் கட்டும்போதும் இதையே செய்யலாம். வண்டியின் வெளிப்புறத்தில், உள்பக்கம் முழுதாக அடைத்த தகரப் பெட்டி செய்து, கீழேயும் மேலேயும் வெளிக்காற்றுக்கு வழி விட்டு, கீசரை அதற்குள் வைத்து, தண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். அந்தப் பெட்டிக்கு மேலே ஜன்னல் வரக்கூடாது. செலவு கூடும்தான். இந்த வேலையில் நான் பேரம் பேசவே விடுவதில்லை.

ஒரு சின்ன விஷயம். கேரவனில் ஓடுகிற 12 வோல்ட் பம்பு விட்டு விட்டுத் தள்ளும். தண்ணீர் வேகம் குறைந்தால் கீசர் அணையும், கூடினால் பற்றும். இப்படி அணைந்து அணைந்து எரிந்தால் ஒரு தடவை 'டப்'பென்று தேங்கிய கேஸோடு சேர்ந்து பற்றும். பம்புக்குப் பக்கத்தில் சின்ன பிரஷர் டேங்க் ஒன்று வைத்தால் சரியாகிவிடும்.

இனி கரண்ட் ஹீட்டர். புகை இல்லை என்பதால் இது பயமில்லாதது என்று நினைக்கிறார்கள். கேரவனைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். வண்டி நிற்பது ரப்பர் டயர் மேல். ஹீட்டர் காயிலில் கசிவு ஏற்பட்டு, எர்த் வயரும் சரியில்லை என்றால், அந்தக் கரண்ட் பூமிக்குப் போக வழியில்லாமல் தகர பாடி முழுக்க நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரப் புல்லில் செருப்பில்லாமல் நின்று கதவுக் கைப்பிடியைத் தொடுகிறவர்தான் மாட்டுவார். அது பெரும்பாலும் வெளியே விளையாடிவிட்டு வருகிற குழந்தையாக இருக்கும். இதற்காகத்தான், கரண்ட் கசிந்த உடனே லைனை வெட்டிவிடுகிற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இல்லாமல் எந்த வண்டிக்கும் நான் கீசர் லைன் கொடுப்பதில்லை. லோடு கூடினால் விழுகிற எம்சிபி இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டன் இருக்கும். ஒவ்வொரு ஊரிலும் பிளக் போட்டதும் அதை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும். அதோடு, தங்குகிற இடத்தின் சாக்கெட்டில் எர்த் வேலை செய்கிறதா என்று சாக்கெட் டெஸ்டரை வைத்தும் பாருங்கள். மலைத் தோட்டத்து ஷெட்டுகளில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதற்குப் பின்னால் வயரே இருக்காது.

2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சின்ன பிளக்கில் கன்வெர்ட்டர் போட்டு மாட்டினால் சாக்கெட் உருகும், பவர் பிளக்தான் வேண்டும். இழுத்துப் போகிற எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. அதைச் சுருட்டிய ரீலிலேயே விட்டு ஓட்டாதீர்கள், சூடு உள்ளேயே தங்கி வயர் இளகும். மலையில் இன்னொரு தொந்தரவு, தண்ணீர் சூடாகவே மாட்டேன் என்கிறது என்று போன் வரும். பெரும்பாலும் ஹீட்டரில் கோளாறு இருக்காது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் 2,000 வாட் காயில் 1,200 வாட் சொச்சம்தான் தரும். 15 லிட்டர் தண்ணீர் 18 நிமிடத்தில் சூடாக வேண்டியது அரை மணி ஆகும். காத்திருங்கள், அவசரப்பட்டுப் பெரிய காயில் மாற்றாதீர்கள்.

இன்வெர்ட்டரில் கீசர் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 2,000 வாட் எடுக்க 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீட்டில் இருக்கிற மாதிரி ஒரு லெட் ஆசிட் பேட்டரி அரை மணிகூடத் தாங்காது. வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து பழைய ஹீட்டரை வாங்கி வருகிறவர்களும் உண்டு. கேஸ், கரண்ட் இரண்டிலும் ஓடும், நல்ல சாமான்தான். ஆனால் அதன் காயில் 120 வோல்ட்டுக்கு 1,440 வாட். நம் 230 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் அது 5,300 வாட் இழுக்கப் பார்த்துக் கருகிவிடும். காயிலையும் தெர்மோஸ்டாட்டையும் நம் கரண்டுக்கு ஏற்றபடி மாற்றாமல் பிளக்கைத் தொடக்கூடாது.

டேங்க் உள்ள ஹீட்டரை நிறுத்தி வைத்துவிட்டு மாதக்கணக்கில் கழித்து எடுக்கும்போது, வெந்நீர்க் குழாயைத் திறந்து காற்றுச் சத்தம் போய்த் தண்ணீர் சீராக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்விட்சைப் போட வேண்டும். காலி டேங்கில் காயில் சீக்கிரமே போய்விடும். சிறுவாணித் தண்ணீர் நிரப்பினால் பிரச்சினை குறைவு. வழியில் போர் தண்ணீர் பிடித்து ஓட்டினால் காயில் மேல் சுண்ணாம்பு படியும். அவிநாசிப் பக்கத்து வண்டி ஒன்றில் கழற்றிய காயில் வெள்ளை உறை போட்டது போல இருந்தது.

சேஃப்டி வால்வில் சொட்டுகிறது என்று அதற்கு எண்ட் கேப் போட்டு அடைத்து வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். சூடாகும்போது தண்ணீர் விரியும், 15 லிட்டரில் 150 மில்லிக்கு மேல் கூடும். பின்னால் போகாதபடி ஒன்வே வால்வு தடுப்பதால் அது வால்வு வழியே கொஞ்சம் சொட்டும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு ஆஃப் ஆகாமல் போகிற அன்று, டேங்க் வெடிக்காமல் காப்பது அந்த வால்வு ஒன்றுதான். சொட்டு நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள், அடைக்காதீர்கள்.

சிலிண்டர் வண்டிக்குள் இருக்கக்கூடாது. நாமக்கல்லில் கேஸ் டேங்கர் ஓட்டுகிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கசிந்த கேஸ் மேலே போகாது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும் என்பார்கள். ஆகவே சிலிண்டர் பெட்டி வெளிப்பக்கம், அடித்தட்டில் காற்றோட்டத்தோடு, சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறபடி இருக்க வேண்டும். ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. அத்தனை குலுக்கலுக்குப் பிறகு எந்த ஜாயின்ட்டையும் நம்பிப் பற்றவைக்கக்கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். நின்றிருந்த பெட்டிதான், டீ போடத்தான் அடுப்பு வைத்திருந்தார்கள். நம் கேரவன் அதைவிடச் சின்னது, பலவற்றுக்கு ஒரே கதவு.

ஏற்கனவே குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருக்கிறீர்கள் என்றால், "ஜன்னலைத் திறந்து வெச்சுக் குளிச்சுக்கிறோமுங்க" என்று ஓட்ட வேண்டாம். குளிரில் யாராவது ஒருவர் அதைச் சாத்துவார். கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி மாட்டினால் போதாதா என்றும் கேட்கிறார்கள். அலாரம் எல்லாக் கேரவனிலும் படுக்கிற இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் அதை வைத்துக்கொண்டு தவறான இடத்தில் இருக்கிற கீசரை ஓட்ட முடியாது. வேறு ஏற்பாடு செய்கிற வரை, வெளியே திறந்த இடத்தில் அடுப்பு வைத்துப் பெரிய போசியில் தண்ணீர் காய்ச்சி விளாவிக் குளியுங்கள். கீசரை ஆள் வைத்துக் கழற்றும்போது, கேஸ் லைனை வால்வு மூடியதோடு விட்டுவிடாமல் முனையில் பித்தளை பிளக் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். கூடவே நின்று, சிலிண்டரைத் திறந்து அந்த முனையில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டு ஆளை அனுப்புங்கள்.