தும்பைப்பூவில் வெள்ளைச் சாயம் இருக்கிறதா?

"தும்பைப்பூவின் வெள்ளையைப் பிரித்தெடுத்துத் துணிக்குச் சாயமாகப் போட முடியுமா?" என்று பள்ளி மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். அருமையான கேள்வி. முடியாது. அந்தப் பூவில் வெள்ளைச் சாயம் என்று எதுவுமே இல்லை!

மழைக்குப் பின் வரப்பிலும் சாலையோரத்திலும் தானாக முளைக்கும் செடி இது. துளசிக் குடும்பம், அதனால்தான் தண்டு சதுரமாக இருக்கும். வலிமையைக் காட்டவென்றே நடக்கும் போருக்குத் தொல்காப்பியம் வைத்த பெயர் தும்பைத் திணை. தாவரவியலில் இது லியூகாஸ் ஆஸ்பெரா. கிரேக்கத்தில் 'லியூகோஸ்' என்றால் வெள்ளை, லத்தீனில் 'ஆஸ்பெரா' என்றால் சொரசொரப்பு. நமக்கும் வேட்டி வெளுத்தாலும் இட்லி நன்றாக வெந்தாலும் 'தும்பைப்பூ மாதிரி'தான்.

தலைபாரத்துக்குத் தும்பை போட்டு ஆவி பிடிப்பது சரி. பாம்புக்கடிக்குத் தும்பைச் சாறு கொடுத்து நேரத்தைக் கடத்துவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நஞ்சை முறிக்கும் மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது. அந்த மருந்தைச் செய்யத் தேவையான பாம்பு நஞ்சைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கப்பட்ட, பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தருகிறார்கள். அந்த அறிவுக்கும் உழைப்புக்கும் அரசு இன்னும் தாராளமாகச் செலவிட வேண்டும்.

சரி, வெள்ளைக்கு வருவோம். ஒரு தும்பை இதழை விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தித் தேயுங்கள். வெள்ளை போய், கண்ணாடி போன்ற ஈரத் தோல்தான் மிஞ்சும். இதழின் செல்களில் இருப்பது பெரும்பாலும் நீர். செல்களுக்கு இடையே நுண்ணிய காற்றறைகள். உள்ளே போகும் ஒளி, நீரிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து நீருக்கும் மாறும் ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் திரும்புகிறது, கொஞ்சம் விலகுகிறது. இப்படி அலைக்கழிந்து எல்லாத் திசையிலும் வெளியே வரும்போது எந்த நிறமும் தனியாகக் குறைந்திருக்காது. எல்லா நிறமும் சேர்ந்து வந்தால் நம் கண்ணுக்கு வெள்ளை. தேய்த்ததும் காற்றறைகள் நசுங்கி, அந்த இடத்தைச் சாறு நிரப்பிவிடுகிறது. எல்லைகள் இல்லை, வெள்ளையும் இல்லை.

நம் உவமை எனக்கு மிகவும் பிடித்துப்போனது இங்கேதான். பருத்தி நூலுக்குள்ளும் இட்லிக்குள்ளும் காற்று புகுந்த சின்னச் சின்ன இடைவெளிகள்தான் ஒளியைச் சிதறடிக்கின்றன. வேட்டியை நனைத்தால் உடம்பு தெரிவது ஏன்? நூலிடையே இருந்த காற்றைத் தள்ளிவிட்டு நீர் உட்கார்ந்துவிட்டது. கொடியில் காயப்போடுங்கள்; நீர் ஆவியானதும் காற்று திரும்பி வரும், கூடவே தும்பைப்பூ வெள்ளையும்.