போர்வெல் போடும்போது வரும் கல்தூளைக் கொட்டிவிடாதீர்கள்

போர் போடும் இடத்தில் எல்லோர் கண்ணும் தண்ணீர் பீச்சுகிறதா என்பதிலேயே இருக்கும். குழியைச் சுற்றிக் குவியும் கல்தூளை யாரும் சீண்டுவதில்லை. கீழே என்ன இருக்கிறது என்று சொல்வது அந்தத் தூள்தான். பத்தடிக்கு ஒரு கைப்பிடி எடுத்து, டீ வடிகட்டியில் கழுவி, ஆழம் எழுதிய கவரில் போட்டு வையுங்கள்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பரப்புக்கு அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட் போன்ற கெட்டிப் பாறை. (கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து வந்த பெயர்தான் சார்னோகைட், நம் பல்லாவரத்துக் கல்லும் அதே இனம்.) இதில் தண்ணீர் நிற்பது இரண்டே இடத்தில்: மேலே உளுத்துப்போன பாறையில், அதற்குக் கீழே விரிசல்களில். துளை போடும் ரிக் வண்டிக்காரர்கள் ‘கேப்’ என்பது இந்த விரிசலைத்தான்.

கழுவிய சில்லில் துருப்பிடித்த மஞ்சள், செம்பழுப்புக் கறை தெரிந்தால் நல்ல அறிகுறி. கறுப்பு அபிரகம், ஹார்ன்பிளெண்டு ஆகிய கனிமங்களிலுள்ள இரும்பைத் தண்ணீர் துருவாக்கியிருக்கிறது. அந்த வழியே நீர் நடமாடியிருக்கிறது. கத்தியால் கீறினாலும் கோடு விழாத பால்வெள்ளைச் சில் குவார்ட்ஸ். அது வரும் ஆழத்தில் விரிசலும் இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளையாய் மாவு போலப் பிசுபிசுத்தால் பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிவிட்டது என்று பொருள். கேப் இருந்தும் களி அடைத்துத் தண்ணீர் வராமல் போவது இப்படித்தான். கூர்மையான, பளபளக்கும், கறையே இல்லாத சில்லும் கூடவே தூசுப் புகையும் வந்தால் உளுக்காத கெட்டிப் பாறை, விரிசல் இல்லை.

ஆயிரம் அடி போனால் ஆறே ஓடும் என்பார்கள். ஆயிரம் அடி என்பது சுமார் 300 மீட்டர்தான். நம் காலடியில் பூமியின் மேலோடு 35 கிலோமீட்டருக்குக் குறையாது. ரஷ்யாவின் கோலாவில் 12,262 மீட்டர் துளைத்தும் மேலோட்டைத் தாண்டவில்லை. எவ்வளவு போனாலும் பாறைதான், ஆறு இல்லை. ஆழம் கூடக் கூட மேலே உள்ள கல்லின் பாரம் விரிசல்களை நெருக்கும். அபூர்வமாக ஆழத்தில் கேப் கிடைப்பதுண்டு. அது சூதாட்டம், அடிக்கு அடி ரேட்டும் ஏறும். கடைசி இருநூறு அடியும் கறையில்லாத சில்லாகவே வந்தால் நிறுத்திவிடுவதே என் யோசனை.

குழி சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள். உளுத்த பாறையைத் தாண்டி, கெட்டிப் பாறைக்குள் நாலைந்து அடி இறங்கி உட்கார வேண்டும். பாதியில் நிறுத்தினால் மழைக்காலத்தில் மண் சரிந்து மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு உருவவே முடியாது.

தண்ணீர் கிடைத்ததும் குடிக்காதீர்கள், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு எவ்வளவு என்று சோதித்துப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கட்டாயம் பார்க்க வேண்டும். அதே அபிரகமும் அபடைட் என்ற கனிமமும்தான் அதைக் கசியவிடுகின்றன. கல்லோடு நெடுநாள் கிடந்த நீரில் கூடுதலாக இருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5-ஐத் தாண்டக் கூடாது. காய்ச்சினால் போகாது, நீர் ஆவியாகி, மிஞ்சும் தண்ணீரில் அதன் அளவு இன்னும் ஏறும்.