பளபளப்பில்லாத ஓவியத்துக்கு வார்னிஷ் பூசாதீர்கள்

ஓவியங்களைச் செப்பனிடும் எங்களிடம் படத்தைக் கொண்டுவருகிறவர்கள் பலரும் முதலில் சொல்வது, "மங்கிக் கிடக்கிறது, கொஞ்சம் பளபளப்பாக்கித் தாருங்கள்" என்பதுதான். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சில் வரையப்பட்ட நவீன ஸ்டில் லைஃப் (பழம், பாத்திரம் போன்ற அசையாப் பொருள்களைக் காட்டும்) ஓவியம் என்றால், அது காலப்போக்கில் மங்கிப்போனதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வரைந்தவரே பளபளப்பில்லாமல் விட்டிருக்கக்கூடும்.

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் பிராக் (1882–1963) இதற்கு நல்ல சான்று. அவருடைய தந்தையும் பாட்டனாரும் வீடுகளுக்கு வண்ணம் பூசி அலங்கரிக்கும் தொழிலைச் செய்தவர்கள். பிராக்கும் முதலில் அத்தொழிலையே கற்றார். மரத்தின் இழைகளையும் சலவைக்கல்லின் வரிகளையும் வண்ணத்தால் சுவரில் வரவழைக்கும் அந்தக் கைப்பழக்கம் பின்னர் கேன்வாஸுக்கும் வந்தது. 1912 முதல் வண்ணத்தில் மணலையும் கலக்கத் தொடங்கினார். பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்த 1942-இல் அவர் வரைந்த 'கறுப்பு மீன்கள்' இன்று பாரிஸின் நவீனக் கலை அருங்காட்சியகமான பொம்பிடு மையத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்தக் கறுப்பைப் பார்ப்பவர்கள் அதில் ஒளி எங்கே நிற்கிறது, எங்கே அடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பிராக்கும் பிக்காசோவும் தங்கள் கியூபிசப் படங்களுக்கு (பொருள்களை வடிவத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் பாணி) வார்னிஷ் கூடாது என்றே கருதினார்கள். அவற்றுள் பல, பிறர் கைக்குப் போனபின் வார்னிஷ் பூசப்பட்டன என்பது எங்கள் துறைக்குப் பெருமை தரும் செய்தி அல்ல.

ஒரு பூச்சு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணெய் குறைவாகவும் நிறத்தூள் மிகுதியாகவும் உள்ள வண்ணத்தில் துகள்களுக்கிடையே காற்று இருக்கும்; ஒளி அங்கே பல திசைகளில் சிதறுவதால்தான் பரப்பு வெளிறி, மாவு பூத்ததுபோல் தெரிகிறது. வார்னிஷ் அந்த இடைவெளிகளை நிரப்பியதும், தண்ணீர் பட்ட கூழாங்கல்லைப் போல நிறம் கருத்துவிடும். பளபளப்பான இடத்துக்கும் அதில்லாத இடத்துக்கும் ஓவியர் வைத்திருந்த வேறுபாடும் போய்விடும். பிறகு கரைப்பான் கொண்டு துடைத்தால் மேலே உள்ளது வரும். நுண்துளைகளுக்குள் இறங்கிய பிசின் முழுவதும் வெளியே வராது, சில சமயம் இன்னும் ஆழமாகவே போகும். பின்புறத்தில் மெழுகு வைத்துச் சூட்டோடு அழுத்தி வேறு துணி ஒட்டும் பழைய முறையும் இவ்வகைப் படங்களுக்கு ஆகாது. மெழுகு ஊறி நிறம் மாறுவதோடு, மணற்பரப்பின் மேடுபள்ளமும் தட்டையாகிவிடும்.

வீட்டில் ஈரத்துணி வேண்டவே வேண்டாம். வண்ணம் உறுதியாக ஒட்டியிருந்தால் மட்டும், மிக மென்மையான தூரிகையால் தூசியைத் தள்ளலாம். உதிர்வு இருந்தால் தொடாதீர்கள். கண்ணாடி போடுவது நல்லது, ஆனால் அது வண்ணத்தைத் தொடாதபடி சட்டத்துக்குள் இடைவெளி இருக்க வேண்டும்.

வாங்குமுன் படத்தைப் பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சத்தில் பாருங்கள்; விற்பனைப் பட்டியலில் உள்ள அச்சுப்படத்தில் இதெல்லாம் தெரியாது. பரப்பு முழுவதும் ஒரே சீராக மின்னினால் சந்தேகப்படுங்கள். புற ஊதா விளக்கின் கீழ் பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சை கலந்து ஒளிரும் என்பதால், அந்தச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். பூசியது எப்போது, எதைக் கொண்டு என்பதை விற்பவரிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.