மருந்து போய்விட்டது, கிருமி போகவில்லை

போன வாரம் ஒரு பண்ணையாளர் ஆறு கோழிகளைச் சாக்கில் கட்டி எடுத்து வந்தார். 24 நாள் வயது. அறுத்துப் பார்த்தால் இதயத்திலும் கல்லீரலிலும் பாலாடை படிந்த மாதிரி வெள்ளைப் படலம், காற்றுப்பைகளில் திரிதிரியாகச் சீழ். ஈ.கோலி என்ற குடல் பாக்டீரியாவின் தொற்று என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்கத்தான் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் முடிவு வந்தது. கிருமியை வளர்க்கும் தட்டில் வைத்த ஒன்பது மருந்துகளில் ஏழு மருந்துகளைச் சுற்றி, அவை அங்கே இருப்பதே தெரியாதது போல கிருமி வளர்ந்து கிடந்தது.

இந்த மாதம் இது நான்காவது.

என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். முதல் நாளே குஞ்சு தாங்க வேண்டுமே என்று ஒன்று. சளிச் சத்தம் கேட்டதும் இன்னொன்று. இரண்டு நாளில் அது சரிப்படவில்லை என்று வேறொன்று. "இதைவிடப் பவரா ஏதாவது எழுதிக் கொடுங்க டாக்டர்" என்றார்.

அது கூடப் பரவாயில்லை. அடுத்துச் சொன்னதுதான் எரிச்சலாக இருந்தது: "விக்கிறதுக்கு முன்னாடி மருந்தை நிறுத்திடுவேன், கறியில ஒண்ணும் இருக்காது."

படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். தயவுசெய்து மருந்தையும் கிருமியையும் பிரித்துப் பாருங்கள். மருந்தை நிறுத்திக் குறிப்பிட்ட நாள் காத்திருந்தால் கறியில் மிஞ்சும் மருந்து அனுமதித்த அளவுக்குக் கீழே இறங்கும். உண்மை, அதற்காகத்தான் அந்த விதி. ஆனால் மருந்துக்குத் தப்பிய கிருமி நாள் எண்ணிக்கொண்டு வெளியேறாது. கோழியின் குடலில் இருக்கும், எச்சத்தில் இருக்கும், அந்த எச்சம் உரமாகப் போகும் வயலில் இருக்கும், கோழி பிடிப்பவரின் கையிலும் இருக்கும். அமெரிக்காவில் 2005-இல் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கும் அனுமதியை ரத்து செய்தார்களே, அது கறியில் மருந்து மிஞ்சியதற்காக அல்ல. அதே வகை மருந்துக்கு அடங்காத கேம்பைலோபேக்டர் கிருமி கோழியிலிருந்து மனிதர்களுக்குப் போனதற்காக. கோலிஸ்டின் கதை இன்னும் மோசம். வேறு வழியில்லாத நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதை முறியடிக்கும், கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய மரபணுவை 2015-இல் சீனாவில் பண்ணை விலங்குகள், இறைச்சி, நோயாளிகள் என மூன்று இடத்திலும் கண்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்?

ஈ.கோலி பெரும்பாலும் தானாகக் கதவை உடைப்பதில்லை. முதலில் ஒரு வைரஸோ, ஈரக் கூளத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயுவோ மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், பின்னால் இது நுழையும். அதனால் கொட்டகைக்குள் குனிந்து கோழியின் தலை உயரத்தில் ஒரு நிமிடம் மூச்சு விட்டுப் பாருங்கள். கண் எரிந்தால் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள், காற்றோட்டத்தையும் ஈரக் கூளத்தையும் கவனியுங்கள். தண்ணீர்க் குழாயின் உள்ளே விரலை விடுங்கள், வழுக்கினால் அந்தப் பாசியில் கிருமி குடும்பம் நடத்துகிறது என்று அர்த்தம். தடுப்பூசி அட்டவணையில் 'இந்தத் தடவை விட்டுடலாம்' கிடையாது. குஞ்சு இறங்கியதும் 'பாதுகாப்புக்கு' ஆன்டிபயாடிக் ஊற்றுவதை நிறுத்துங்கள், அது எதையும் பாதுகாப்பதில்லை.

இன்னொன்று. நோய் முற்றிய கோழி தண்ணீர் குடிக்காது. தண்ணீரில் கலந்த மருந்தை நன்றாக இருக்கும் கோழிதான் வயிறு நிறையக் குடிக்கிறது. இதை எத்தனை பேர் யோசிக்கிறார்கள்?

சமைப்பவர்கள் பயப்பட வேண்டாம். மருந்துக்கு அடங்காத கிருமியும் தீயில் சாகும். நன்றாக வேக வையுங்கள், பச்சைக் கறி பட்ட கத்தியால் அப்படியே காய் நறுக்காதீர்கள்.

பண்ணையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: மூன்று மருந்து மாற்றிய பிறகு, செத்து ஊதிப்போன கோழியைக் கொண்டு வராதீர்கள். தலை தொங்கி நிற்கும் கோழி நாலைந்தை, முதல் மருந்தை ஊற்றும் முன், உயிரோடு கொண்டு வாருங்கள்.