கான்கிரீட்டுக்கு ஒரு ஆரத்தி

பெங்களூர் ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு தங்கை போன மாதம் கேட்ட கேள்வி இது. "அண்ணா, அப்பா 1979-ல் கட்டின வீடு. சைட் அறுபதுக்குத் தொண்ணூறு அடி, வீடு எட்டு ஸ்கொயர்தான், அதாவது எண்ணூறு சதுர அடி. வந்து பார்த்த புரோக்கர் எல்லாரும் சைட்டுக்குத்தான் விலை, வீட்டுக்கு ஒரு பைசா கிடையாது, வாங்குகிறவர் முதல் வேலையாக ஜேசிபி விட்டு இடிப்பார் என்கிறார்கள். சித்தப்பாவோ இன்னும் ஐம்பது வருஷம் அசையாமல் நிற்கும் என்கிறார். யார் சொல்வது சரி?"

இரண்டு தரப்புமே வீட்டின் வயதை வைத்துத்தான் பேசுகிறது. ஒரே தெருவில் ஒரே வருஷம் கட்டிய இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் மோட்டிலிருந்து, அதாவது கூரையின் அடிப்பக்கத்திலிருந்து, காரை பெயர்ந்து கம்பி தொங்கும், பக்கத்து வீட்டில் ஒரு கீறல்கூட இருக்காது. சில மில்லிமீட்டர்தான் இந்த இரண்டையும் பிரிக்கிறது. அந்த மில்லிமீட்டரை அளக்க முடியும், அதுவும் நாம் பிளஸ் டூ லேபில் பார்த்த ஒரு பாட்டிலை வைத்தே.

பத்திரம், வில்லங்கச் சான்று, காத்தா என்கிற சொத்துப் பதிவு, வரி ரசீது எல்லாம் வக்கீல் வேலை, அதற்குள் நான் போகவில்லை. சுவரைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துப் பெங்களூர்ச் சின்ன வீடுகளில் பெரும்பாலும் தூண் கிடையாது, கருங்கல் அஸ்திவாரத்தின் மேல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் மொத்தப் பாரத்தையும் தாங்கும். இங்கே பெரும்பாலான இடங்களில் இருப்பது செம்மண், கரிசல் மண்ணைப் போல மழைக்கு வீங்கி வெயிலுக்குச் சுருங்கிச் சுவரைப் பிளக்கிற மண் இல்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இருந்தால் அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் தாண்டியும் கோட்டைத் தாண்டாவிட்டால் பெரும்பாலும் பழைய கதை, தாண்டினால் எஞ்சினியரைக் கூப்பிட வேண்டும். சரி, இப்போது மேலே பாருங்கள். பழைய வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அனேகமாகக் கூரைதான்.

சிமெண்டில் தண்ணீர் சேர்ந்து இறுகும்போது உள்ளே ஒரு பொருள் நிறைய உண்டாகிறது: கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பேதான். கான்கிரீட்டின் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் தேங்கியிருக்கும் ஈரம் இதனால் கடும் காரமாக இருக்கிறது, பிஎச் 12.5 முதல் 13.5 வரை. இந்தக் காரத்தில் ஊறுகிற இரும்புக்கம்பி தன்மேல் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஓர் ஆக்சைடு போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. அந்தப் போர்வை இருக்கிறவரை தண்ணீரும் ஆக்சிஜனும் வந்தாலும் துரு சுலபத்தில் பிடிக்காது. வெளியே போட்டு வைத்தால் ஒரே மழையில் சிவந்துவிடும் கம்பி கான்கிரீட்டுக்குள் அரை நூற்றாண்டு கறுப்பாகவே கிடப்பது இதனால்தான்.

ஆனால் கான்கிரீட் மூச்சு விடுகிறது. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு அந்தத் துளைகள் வழியாக உள்ளே நுழைந்து, ஈரத்தில் கரைந்து, சுண்ணாம்பைப் பிடித்துச் சுண்ணாம்புக்கல் ஆக்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்பு நீருக்குள் குழாய் வைத்து ஊதினோம், தெளிவாக இருந்தது பால் மாதிரி ஆனது, ஞாபகம் இருக்கிறதா? அதே வினைதான், வருஷக்கணக்காக, சத்தமில்லாமல், உங்கள் தலைக்கு மேல் நடந்துகொண்டிருக்கிறது. இதைக் கார்பனேற்றம் என்கிறோம்.

இந்த வினை எனக்கு ரொம்பப் பிடித்த வினை. அல்சூர் பக்கத்துப் பழைய பங்களாக்களில், தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் பார்த்திருப்பீர்கள். அந்தக் காரை கல்லாக இறுகியதும் இதே கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித்தான். காற்றைத் தின்றுதான் அந்தக் கூரைக்குப் பலம் வந்தது. கான்கிரீட்டில்கூட இந்த வினை வெளித்தோலைக் கெட்டியாகத்தான் ஆக்குகிறது, அதனால் கான்கிரீட்டின் பலம் பார்க்கச் சுத்தியல் மாதிரி ஒரு கருவியை வைத்து அழுத்திப் பார்ப்பார்களே, பழைய வீட்டில் அது உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும், எச்சரிக்கையாக இருங்கள். ஆபத்து கம்பிக்குத்தான். சுண்ணாம்பு தீர்ந்த இடத்தில் பிஎச் 9-க்கும் கீழே இறங்கிவிடும், போர்வை கலைந்துவிடும், கம்பி அம்மணமாக நிற்கும்.

அந்த மாற்றம் வெளித்தோலிலிருந்து உள்ளே எவ்வளவு வேகமாகப் போகிறது? ஒரு ரோடு போடுவதை நினைத்துப் பாருங்கள். ஜல்லி ஊருக்கு வெளியே ஒரே இடத்தில்தான் கொட்டிக் கிடக்கிறது, இருப்பது ஒரே லாரி, புதிதாகப் போடவேண்டிய ஒவ்வொரு அடிக்கும் அது ஏற்கெனவே போட்ட ரோடு முழுக்க ஓடித்தான் ஜல்லி கொண்டுவர வேண்டும். ரோடு நீள நீள வேலை மெதுவாகும். கார்பன் டை ஆக்சைடும் ஏற்கெனவே சுண்ணாம்புக்கல்லாக மாறிய பகுதி முழுவதையும் கடந்துதான் அடுத்த துளி சுண்ணாம்பைத் தொட முடியும். கணக்குப் போட்டால் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளர்கிறது என்று வரும். உதாரணத்துக்கு ஒரு கூரையில் முதல் 10 மில்லிமீட்டர் போக 16 வருஷம் ஆனது என்று வைப்போம். 15 மில்லிமீட்டரைத் தொட 36 வருஷம், 20-க்கு 64, 25-க்கு 100!

இந்த எண்களைக் கம்பியோடு சேர்த்துப் பாருங்கள். கம்பிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட்டின் தடிமனைத்தான் கவர் என்பார்கள். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456, அதன் 1978-ம் வருஷத்துப் பதிப்பின்படி கூரைக்குக் குறைந்தது 15 மில்லிமீட்டர், 2000-ல் அதைத் திருத்தியபோது சாதாரணச் சூழலுக்கே பொதுவாக 20 ஆக்கினார்கள். 1979-ல் கட்டிய வீட்டில் கவர் 15 என்றால், நான் சொன்ன உதாரண வேகத்தில் 2015-லேயே ஆபத்து கம்பியைத் தொட்டிருக்கும். அன்றைக்குக் கம்பி கட்டியவர் அடியில் கொஞ்சம் பெரிய ஜல்லித் துண்டை வைத்து 20 ஆக்கியிருந்தால் 2043 வரை தொடாது. ஐந்து மில்லிமீட்டர், இருபத்தெட்டு வருஷம். முகம் தெரியாத அந்தக் கம்பி வேலைக்காரரின் கவனம்தான் இன்றைக்கு உங்கள் கூரையைத் தாங்கி நிற்கிறது.

தொட்ட உடனே எல்லாம் முடிந்துவிடாது. துருப்பிடிக்கத் தண்ணீர் வேண்டும். கார்பனேற்றம் வேகமாக நடப்பது பாதி ஈரத்தில், காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் இருக்கும்போது. துளைகள் தண்ணீரால் நிரம்பினால் வாயு நகர முடியாது, எலும்பாகக் காய்ந்தால் வினை நடக்க ஈரமில்லை. துருவோ நல்ல நனைவைத் தேடுகிறது. ஆகவே காய்வதும் நனைவதும் மாறி மாறி நடக்கிற இடங்கள்தான் முதலில் போகும்: ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சஜ்ஜா, பாத்ரூம் மோடு, கைப்பிடிச் சுவரின் அடி, மொட்டை மாடித் தண்ணீர் தேங்குகிற மூலை. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும், அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் கம்பி போன வழியே பிளந்து பாளம் பாளமாக விழுகிறது. ஒரு குச்சியால் மோட்டைத் தட்டிக்கொண்டே போங்கள், டங் டங் என்று வந்துகொண்டிருந்த சத்தம் பொத்தென்று மாறுகிற இடத்தில் உள்ளே விலகிவிட்டது என்று அர்த்தம். பெங்களூருக்கு ஒரு கொடுப்பினை, கடல் இல்லை. சென்னையில் கடற்காற்றின் உப்பு, சுண்ணாம்பு தீரும் வரைகூடக் காத்திருக்காமல் அந்தப் போர்வையைத் துளைத்துவிடும்.

சரி, அளப்பது எப்படி? கூரையில் ஒரு சின்ன இடத்தைப் புதிதாக உடைத்து, தூசியை ஊதித் துடைத்துவிட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த ஃபினால்ஃப்தலீனைத் தெளிக்க வேண்டும், நான் முதலில் சொன்ன பிளஸ் டூ லேப் பாட்டில் இதுதான். உயிரோடு இருக்கிற கான்கிரீட் பளிச்சென்று ரோஜா நிறமாகும். சுண்ணாம்பு செத்த பகுதி நிறம் மாறாமல் அப்படியே கிடக்கும். நிறமில்லாத ஆழத்தை ஸ்கேல் வைத்து அளந்து கம்பி இருக்கும் ஆழத்தோடு ஒப்பிட்டால் முடிந்தது.

நான் ஒரு துண்டில் மஞ்சளையும் போட்டுப் பார்த்தேன். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு கலந்ததும் ரத்தச் சிவப்பாகிறதே, அதுவும் இதே வேதியியல்தான், மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் சிவக்கிறது. ஸ்பிரிட்டில் ஊறவைத்த மஞ்சள்தூளை உடைத்த முகத்தில் பூசியபோது உள்பக்கம் ஆரத்தியாகச் சிவந்தது, வெளிவிளிம்பு மஞ்சளாகவே நின்றது. நம் பாட்டிகள் வாசல்தோறும் செய்துகாட்டிய சோதனை! அளவெடுக்க ஃபினால்ஃப்தலீனையே நம்புங்கள், பிள்ளைகளுக்குக் காட்ட மஞ்சள் போதும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தத் தங்கையின் வீட்டைப் பார்க்க வந்த ஒருவர் வாஸ்து பார்ப்பவரையும் கூட்டி வந்தாராம். ஈசானிய மூலையில் பாத்ரூம், அதனால்தான் அந்த மோடு பெயர்கிறது, வீட்டையே இடிக்க வேண்டும் என்றாராம் அவர். கம்பிக்குத் திசை தெரியாது, தண்ணீர்தான் தெரியும். எந்த மூலையில் பாத்ரூம் வைத்தாலும் ஒழுகினால் அந்த மோடு பெயரும். இப்படிப்பட்ட பேச்சை நம்பி நல்ல வீடுகள் இடிபடுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இன்னொரு பக்கம், நம் ஊர்களில் எந்த வயதுக் கான்கிரீட்டில் கார்பனேற்றம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெருத்தெருவாக அளக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் ஆசை. சிவில் படிக்கும் பிள்ளைகளே ஒரு பாட்டிலோடும் ஸ்கேலோடும் செய்யக்கூடிய வேலை. இதே ஊரில்தான் இந்திய அறிவியல் கழகம் 1974-ல் அஸ்த்ரா என்று ஒரு பிரிவைத் தொடங்கி மண்ணில் கல் அறுப்பது, புகையில்லா அடுப்பு என்று ஏழை வீட்டுக்கான அறிவியலைச் செய்தது. அந்த மரபுக்குப் பணம் தொடர்ந்து வர வேண்டும்.

மீதி நிலத்துக்கு வருவோம். 5,400 சதுர அடியில் பெங்களூர் மழை வருஷத்துக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் என்று கணக்கு வைத்தால் நாலே முக்கால் லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. வீடு அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை, மிச்சமெல்லாம் உறிஞ்சுகிற மண். அறுபதுக்கு நாற்பதும் அதற்கு மேலும் உள்ள பழைய சைட்டுகளுக்கும் 2009-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம், இங்கே கொல்லையில் ஒரு பழைய கிணறே தயாராக இருக்கிறது. விலை பேசும்போது இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நானே பாட்டிலோடு போயிருந்தேன். ஹாலில் நிறமில்லாத ஆழம் 16 மில்லிமீட்டர், கம்பி 22-ல். இதே வர்க்கமூலக் கணக்கில் இன்னும் நாற்பது வருஷம் தொடாது. சமையலறையில், அடுப்பு எரிந்து எரிந்து கார்பன் டை ஆக்சைடு அதிகம், ஆழம் 21, கம்பி 18-ல், ஏற்கெனவே தாண்டிவிட்டது, ஆனால் ஒழுகல் இல்லாததால் கம்பியில் லேசான செம்மைதான், மேலே ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் ஓடும். பாத்ரூமில் அளக்கவே தேவைப்படவில்லை, கம்பி பாதி தின்னப்பட்டிருந்தது, அந்த மோட்டையும் தெற்கு ஜன்னல் சஜ்ஜாவையும் இடித்துப் புதிதாகப் போட வேண்டும். மேலே இன்னொரு மாடி எழுப்பும் யோசனை இருந்தால் இந்த அளவு போதாது, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் கையெழுத்து வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

விற்பதா இருப்பதா என்பது அவர்கள் குடும்ப விஷயம். எதுவானாலும் இந்த எண்களை ஒரு தாளில் தேதியோடு எழுதிப் பத்திரத்துடன் வைக்கச் சொன்னேன்: ஹால் 16க்கு 22, சமையலறை 21க்கு 18, பாத்ரூம் மாற்ற வேண்டும். இனி வருகிற புரோக்கரிடம் முதலில் அந்தத் தாளைத்தான் நீட்டப்போகிறேன் என்றார் அவர் அம்மா.